வாளியில் வந்த பவளம்

நடந்தது இதுதான்:

1. பவளத்தைப் பற்றி ஒரு சிறுவர் கதை எழுதினேன்.
2. அச்சுக்குக் கொடுக்கும் முன், நான் குடியிருக்கும் தெருவின் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.
3. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் குடிலை அந்தக் கதையை வைத்தே கட்டினார்கள்.
4. குடிலில் வைப்பதற்கு உயிருள்ள பவளம் ஒன்றைக் கடலிலிருந்து வரவழைத்தார்கள்.
5. வாளியில் அது வந்து சேர்ந்தது டிசம்பர் இருபத்து நான்காம் தேதி காலையில். குடில் போட்டிக்கு நடுவர்கள் வருவது அன்று சாயங்காலம்.

நான் வேலை பார்க்கும் ஆலையில் எது நடந்தாலும் இப்படித்தான் எழுதச் சொல்வார்கள். முதலில் நடந்தது, வரிசையாக, வருணனை இல்லாமல். யார் மேல் தப்பு என்பது கடைசியில் வரும். பல நேரம் வராமலே போகும். எனக்கு இந்த முறை பிடிக்கும். வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் மனதுக்குள் இப்படித்தான் எழுதிப் பார்ப்பேன்.

கடலிலிருந்து தண்ணீரை இழுத்து, பயன்படுத்திவிட்டு, திரும்பக் கடலிலேயே விடும் ஆலை அது. வருகிற தண்ணீரையும் போகிற தண்ணீரையும் சோதிப்பது என் வேலை. உப்பு, சூடு, குளோரின், கலங்கல். படித்தது வேதிப் பொறியியல். பிறந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோவில் ஊரில், வாத்தியார் வீட்டில். வேலை கிடைத்ததும் தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தேன். தெரு முழுக்க மீன் தொழில் குடும்பங்கள், எல்லோரும் கத்தோலிக்கர்கள். வந்த அன்றைக்கே எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்: "மீனு தொடமாட்டீயளாமே? எங்க தெருவுல வந்து என்னத்தச் சாப்பிடுவீய?"

"காய்கறிக் கடை இருக்குல்லா?"

"இருக்கு. அங்கயும் கருவாடு தொங்கும். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

அந்த அம்மாளின் மகள்தான் இந்தக் கதையில் முக்கியமானவள். அப்போது பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. தெருப் பிள்ளைகளின் குடில் வேலைக்கு அவள்தான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, சத்தம் போடத் தெரிந்ததால் தலைவியாகிவிட்டாள்.

சிறுவர் கதை எழுத வந்ததற்கு என் வேலைதான் காரணம். ஆலைக்குள் தண்ணீர் வரும் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். தினமும் காலையில் அதில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். கடல்புல், சொறிமீன், பால் கவர், ஒற்றைச் செருப்பு, ஒருநாள் ஒரு குழந்தையின் கிலுகிலுப்பை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பெரியவர்களிடம் சொன்னால் "ஆமா, ரொம்ப மோசம்" என்று தலையாட்டுவார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை. "ஒத்தச் செருப்பு யாரோடது? இன்னொரு கால்ல என்ன போட்டிருப்பா?" என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி வேண்டியிருந்தது.

நான் சின்ன வயதில் படித்த இயற்கைக் கதைகளில் எல்லாம் காடு, சிங்கம், பேசும் மரம். மரம் கடைசிப் பக்கத்தில் ஒரு பிரசங்கம் செய்யும். வெட்ட வந்தவன் கோடரியைக் கீழே போட்டுவிட்டு அழுவான். எனக்கு அப்போதே சந்தேகம்: அவன் நாளைக்கு எந்த வேலைக்குப் போவான்? ஆகவே என் கதைக்குச் சில விதிகள் வைத்துக்கொண்டேன். யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. வில்லன் கிடையாது. பொய்யான விஞ்ஞானம் கிடையாது. மீன் அழக் கூடாது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்?

கதாநாயகி ஒரு பவளம். முதல் பக்கத்தில் அரிசியை விடச் சிறிய குட்டியாக மிதந்து வந்து ஒரு பாறையில் ஒட்டிக்கொள்கிறாள். அதோடு அவளுடைய பயணம் முடிந்தது. இனி நகரவே மாட்டாள். அதற்கப்புறம் எல்லாம் அவளைத் தேடி வருகின்றன. கிளிமீன் வந்து கடிக்கிறது. நண்டு வாடகை இல்லாமல் குடியேறுகிறது. பிய்ந்த வலை ஒன்று வந்து மேலே விழுந்து, அடுத்த காற்றில் போகிறது. பிறகு ஒரு கோடை வருகிறது. தண்ணீர் சூடாகிறது. அவளுக்குள் இருந்து சோறாக்கிப் போட்ட பாசிகள் வெளியேறிவிடுகின்றன, அவள் வெளுத்துப்போகிறாள். கடைசிப் பக்கத்தில் தண்ணீர் குளிர்ந்து, நிறம் திரும்புகிறது.

அந்தக் கடைசிப் பக்கம் பதிப்பாசிரியர் கேட்டது. சென்னையிலிருந்து போனில், "மேடம், குழந்தைங்க புத்தகம். முடிவுல ஒரு நம்பிக்கை வேணும்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. வெளுத்த பவளம் பிழைத்து வருவது உண்டு. எழுதிக் கொடுத்தேன்.

தெருமுனையில் ஒரு குருசடி இருக்கிறது. சிலுவை வைத்த சின்னக் கட்டடம். முன்னால் சிமெண்டுத் தளம். சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பேன். பவளக் கதையை வாசித்த அன்றைக்கு முதல் சண்டை, அது கல்லா செடியா உயிரா என்பதில்.

"எங்க அப்பா வலையில வரும்க்கா. கல்லுதான். காலக் கிழிச்சிரும்."

"ஏலே, கல்லு எப்படிலே வளரும்?"

"மூணும்தான்" என்றேன். "உயிரு. அது கல்லக் கட்டுது. உள்ள செடி மாதிரி பாசிய வாடகைக்கு வச்சிருக்கு."

"நண்டுதான் வாடகையே குடுக்கலன்னு சொன்னீய?"

"நண்டு குடுக்காது. பாசி குடுக்கும்."

"எங்க மாடி வீட்டுக்கு நீங்க குடுக்கீயளா?" என்றான் வீட்டுக்காரர் மகன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தலைவி ஒரு கேள்வி கேட்டாள். "உங்க கம்பெனியும் கடல்ல சுடுதண்ணி விடுதாமே. அப்பம் நீங்களும்தான அவள வெளுக்க வைக்கீய?"

"விடுது. இவ்வளவு சூட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு இருக்கு. அத தாண்டுதான்னு பாக்கத்தான் என்னைய வச்சிருக்கு. தாண்டினா எழுதிக் குடுப்பேன்."

"எழுதிக் குடுத்தா?"

"நிறுத்தணும்."

"நிறுத்துவாவளா?"

"இதுவரைக்கும் நிறுத்தியிருக்காவ."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி மேலே வாசியுங்கள் என்பது போலக் கையை ஆட்டினாள். அடுத்த சனிக்கிழமை நான் உப்பு அளக்கும் மீட்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆளுக்கொரு சொட்டுக் கடல்தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர், இளநீர், ஒரு பையனின் வியர்வை வரைக்கும் பார்த்தோம்.

எங்கள் பகுதியில் கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்குத் தெரு குடில் கட்டுவார்கள். மாட்டுத் தொழுவமும் வைக்கோலும் இயேசு, மாதா சுரூபங்களும் எல்லாக் குடிலிலும் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு தெருவும் ஒரு கருத்து வைத்துக்கொள்ளும். பங்குக் கோவிலிலிருந்து வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். பெரும்பாலும் தெர்மாகோல், சீரியல் பல்ப், மோட்டார். எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு வைராக்கியம். நடுவில் வைக்கும் சாமான் ஒன்றாவது நிஜமாக இருக்க வேண்டும். உப்பளம் கட்டிய வருடம் அளத்திலிருந்து ஈர உப்பையே அள்ளிவந்து குவித்தார்களாம். பனங்காடு கட்டிய வருடம் உடன்குடியிலிருந்து ஒரு பனங்கன்று வேரோடு வந்ததாம். "எங்க தெருவுல டூப்ளிகேட்டே கிடையாதுக்கா" என்று தலைவி சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நீளும்.

அந்த வருடக் கருத்து என் கதை. எனக்கு உள்ளூரப் பெருமைதான். கடலடியில் குடில். மீன் பிடித்து வைக்கும் பழைய ஃபைபர் பெட்டிக்கு உள்ளே நீலம் அடித்து, அதுதான் கடல். சுற்றிலும் மணல், வைக்கோல், ஆட்டிடையர்கள். மூன்று ராஜாக்களும் கடல்குதிரையில் வருகிறார்கள். "கடல்குதிரையும் நிஜமா?" என்று பயந்துபோய்க் கேட்டேன். "இல்லக்கா, சிமெண்டு" என்றார்கள். நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டேன். அப்படியானால் எது நிஜம் என்று கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

இருபத்து நாலாம் தேதி எனக்கு விடுமுறை. காலையில் கீழேயிருந்து சத்தம்.

"அக்கா! மீட்டர எடுத்துக்கிட்டு வாங்க!"

குருசடிக்குப் பக்கத்தில் நீலப் பெட்டி நிறையத் தண்ணீர். அதைச் சுற்றிப் பிள்ளைகள். தலைவியின் முழங்கை வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"கடல்தண்ணி செஞ்சிருக்கோம்" என்றாள்.

"செஞ்சீங்களா?"

"குழாய்த் தண்ணியில உப்புப் போட்டு. நமக்கென்ன உப்புக்குப் பஞ்சமா? கடல்லேந்து குடத்துல தூக்கினா இடுப்பு போயிரும். நாக்குல வச்சுப் பாத்துப் பாத்துப் போட்டோம். சரியா இருக்கான்னு பாருங்க."

ஒரு சொட்டு எடுத்து மீட்டரில் வைத்தேன். கடலில் வரும் அதே எண். நான் இரண்டாவது சொட்டும் வைத்துப் பார்த்தேன். அதே எண். ஆலையில் எங்கள் உதவியாளர்கள் தராசு வைத்துக் கலக்கினாலும் முதல் தடவையில் இப்படி வராது.

"சரியா இருக்கு" என்றேன்.

அவர்கள் போட்ட கூச்சலில் குருசடியின் மேல் இருந்த காகம் பறந்துவிட்டது. தலைவி திரும்பி, சுவர் ஓரம் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்த வாளியைத் தூக்கி வந்தாள். சாக்கை எடுத்தாள்.

உள்ளே ஒரு கொம்புப் பவளம். மான்கொம்பு போலக் கிளைகள், பழுப்பு நிறம், நுனி மட்டும் வெளிறி. அடியில் புதிதாக முறிந்த வெள்ளை. வாளித் தண்ணீரின் மேல் நூல் நூலாகச் சளி மிதந்தது. பவளம் தவிக்கும்போது இப்படிச் சளி விடும். நான் அதுவரை படங்களிலும் ஆய்வுக்கூடத்திலும்தான் பார்த்திருந்தேன். அது உயிரோடு இருந்தது.

"எங்கேருந்து?"

"அப்பாவுக்கு நண்டு வலையில மாட்டிச்சு. எப்பமும் திருப்பிப் போட்டுருவா. நாந்தான் ஒண்ணு வந்தா கொண்டு வாங்கன்னு சொல்லி வச்சேன். கடல்தண்ணியிலயே கொண்டு வந்தா." பெட்டியைக் காட்டினாள். "இப்பம் இதுக்குள்ள வச்சிருவோம். மீட்டர்தான் சரின்னு சொல்லிட்டுல்லா."

அவள் கை வாளிக்குள் இறங்கியது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அதுல வைக்காத. செத்துப்போகும்."

"சரின்னு சொன்னீயளே!"

"உப்பு சரி. இது உப்பு மட்டும் பாக்கிற மீட்டர். கடல்ல உப்பு தவிர வேற நிறைய இருக்கு. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு. அது இதுக்கு விஷம்."

"அப்பம் மீட்டர் எதுக்கு?"

நல்ல கேள்வி. பத்துப் பிள்ளைகள் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றேன். "உயிரோட இருக்குமான்னு நாம அதுகிட்ட கேக்கல."

தலைவி யோசித்தாள். அவள் யோசிப்பது முகத்தில் தெரியும், கீழுதட்டைக் கடிப்பாள். "சரி, குடத்துல நெசக் கடல்தண்ணியே தூக்கிட்டு வாரோம். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். ஃபாதர் வந்து பாத்ததும் கொண்டு விட்டுருவோம்."

"சாயங்காலம் வரைக்கும் வெயில். அப்புறம் பல்ப் சூடு. காத்து ஓட்டம் கிடையாது. தாங்காது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"எப்பம் சாகும்னு தெரியாது. சாகும்னு தெரியும்."

"கதையில அவ வெளுத்துட்டு மறுபடி வருவால்லா?" என்றாள். மற்றவர்களும் "ஆமா வருவா, வருவா" என்றார்கள். ஒரு சின்னப் பெண் கடைசிப் பக்கத்தை அப்படியே மனப்பாடமாகச் சொன்னாள்: தண்ணீர் குளிர்ந்தது, நிறம் திரும்பியது.

என் சொற்கள் ஆறு வயதுக் குரலில் எனக்கு எதிராக வந்தன. அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அப்போதுதான் காதில் விழுந்தது.

"கதையில வந்தா" என்றேன். "வாளியில வரமாட்டா."

தலைவி வாளியையும் நீலப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நாள் வேலை அந்தப் பெட்டி. பிறகு என்னிடம், கொஞ்சம் கோபமாகவே, "அப்பம் நடுவுல என்னத்த வைக்க?" என்றாள்.

"எனக்குத் தெரியாது. அது உன் குடில்."

இதைச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் அது என் குடிலாகியிருக்கும்.

அவள் சாக்கை மறுபடி வாளியின் மேல் போட்டாள். "திருப்பிக் கொண்டு விடுவாவளான்னு அப்பாட்ட கேக்கேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

கேட்பது லேசான விஷயம் இல்லை. திருநாளுக்கு முந்தின நாள் வள்ளங்கள் காலையோடு கரையேறிவிடும். வலையை அலசிக் காயப்போட்டு, ஆண்கள் முடி வெட்டப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் பெருநாள் முடிந்துதான் கடல். அவளுடைய அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாள் அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மாள்தான் முதலில் பேசினார். "மீனத் தொடாத பிள்ள கல்லுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாரா. திங்கிற நாங்க என்ன செய்ய?"

"மீனத் தின்னுங்க, யாரு வேண்டாங்கா? இதத் திங்க முடியாதுல்லா, திருப்பிக் குடுத்துருவோம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார்.

அப்பா மகளைப் பார்த்தார். "ஏளா, கொண்டு வாங்கன்னு காதக் கடிச்சது நீ. இப்பம் கொண்டு போங்கன்னும் நீயே சொல்லுத."

"ஆமா."

"வள்ளத்தக் கரையேத்தியாச்சு."

"தெரியும்ப்பா."

"பவளத்த எடுக்கக் கூடாதுன்னு சட்டம். இது வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சாலே கேஸு. அதுக்காகச் சொல்லுதியா?"

"இல்ல. செத்துருமாம்."

அவர் எழுந்தார். பிறகு அவிழ்த்து வைத்திருந்த கைலியை எடுத்தார். "உன் சித்தப்பன எழுப்பு. அவன் இல்லாம அடியில வைக்க முடியாது."

சித்தப்பா சங்கு குளிப்பவர். முத்து எடுத்த காலம் போய்விட்டாலும் எங்கள் கடலில் சங்குக்காக மூழ்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருநாள் தூக்கத்தில் இருந்தவரை எழுப்பியபோது அவர் சொன்னதை எழுத முடியாது. எழுந்து வந்து வாளியைப் பார்த்தார். விரலால் சளியைத் தொட்டார். "இதுக்கா?" என்றார். தலைவி "ஆமா சித்தப்பா" என்றாள். "போவோம்" என்றார்.

என்னுடன் படித்த ஒருத்தி பவள ஆராய்ச்சியில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "புத்திசாலித்தனமா எதுவும் செய்யாதே. எடுத்த ஆழத்துலயே, அசையாம, நிமிர்த்தி வைக்கச் சொல்லு. சீக்கிரம்" என்றாள். அப்படியே சொன்னேன். "பார்ல இடுக்கு நெறைய இருக்கும். சொருகிருவேன்" என்றார் சித்தப்பா. பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. வலை மாட்டிய இடத்தின் புள்ளி அப்பாவின் ஜிபிஎஸ்ஸில் இருந்தது; இன்னொரு தடவை மாட்டக் கூடாது என்பதற்காகக் குறித்து வைத்ததாம்.

கரையில் வள்ளத்தைத் தள்ள ஆள் வேண்டியிருந்தது. சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து வந்தார்கள், கேலியோடு.

"ஏலே, பெருநாளும் அதுவுமா கல்லுக்குச் சவாரியா?"

"கல்லு இல்ல மாமா, ஆளு" என்றான் ஒரு பையன்.

"ஆளா? அப்பம் பூசைக்கு வரச் சொல்லு."

எங்கள் பக்கம் பெண்கள் வள்ளத்தில் கடலுக்குப் போவதில்லை. அவளும் நானும் கரையில் நின்றோம். வள்ளம் அலை தாண்டும் வரை அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா அதைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, கடல்தண்ணீர் மொள்ள ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். செய்த கடலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, நீலப் பெட்டியை நிஜக் கடலால் நிரப்பினார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நானும் நாலு குடம் தூக்கினேன். இடுப்பு போகத்தான் செய்தது.

வள்ளம் திரும்பியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. சித்தப்பா இறங்கி, "ரெண்டு கல்லுக்கு நடுவுல சொருகி, சின்னக் கல்லு வச்சு அடை குடுத்திருக்கேன். நிக்கும்னு நெனைக்கேன்" என்றார்.

"உயிரோட இருந்துச்சா?" என்றாள் அவள்.

"என்னட்ட பேசலளா."

நடுவர்களாகப் பங்குத்தந்தையும் ஒரு சிஸ்டரும் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் மோட்டார் வைத்துக் கலங்கரை விளக்கம் சுற்றுகிறது என்று செய்தி அதற்குள் வந்துவிட்டது. எங்கள் குடிலில் கடல்குதிரைகள், ராஜாக்கள், நடுவில் ஒரு பெட்டி தண்ணீர். தண்ணீருக்குள் ஒன்றும் இல்லை. அடியில் கொஞ்சம் மணல். தலைவி என் கதையைச் சொன்னாள். கிளிமீன், நண்டு, வலை, கோடை எல்லாம் சொன்னாள். வெளுத்துப்போகிற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். கடைசிப் பக்கத்தைச் சொல்லவில்லை.

ஃபாதர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "பவளம் எங்கம்மா?"

"வீட்டுக்குப் போயிட்டு, ஃபாதர்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். ஃபாதர் சிரிக்கவில்லை. "எப்பம் போச்சு?" என்று கேட்டார். அவள் காலையிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். வாளி, உப்பு, மீட்டர், அப்பா, சித்தப்பா. நான் எழுதியிருந்தால் கூட இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது. அவள் அப்பா பின்னால் நின்று, கேஸு விஷயம் வெளியே வருகிறதே என்று நெளிந்தார். ஃபாதர் அதைக் கவனித்து, "திருப்பி விட்டாச்சுல்லா, சரி" என்று அவரைப் பார்த்துச் சொன்னார்.

கலங்கரை விளக்கத்துக்கு முதல் பரிசு. எங்களுக்கு மூன்றாவது. அறிவித்தபோது தலைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புது வருடம் வரை என்னோடு பேசவும் இல்லை. அவள் அம்மாள் மட்டும் முறுக்குக் கொடுத்தனுப்பினார், முட்டை சேர்க்காமல் தனியாகச் சுட்டது என்ற தகவலோடு.

ஜனவரியில் ஒருநாள் மாடிப்படி ஏறி வந்தாள். உட்காராமலே ஆரம்பித்தாள்.

"கடைசிப் பக்கம் சரியில்லக்கா."

"என்ன சரியில்ல?"

"அவ திரும்பி வாரதுக்கு யாரு என்ன செஞ்சா? ஒண்ணுமே செய்யல. தண்ணி தானா குளுந்துச்சு, அவ தானா வந்தா. அதான் நாங்களும் என்ன செஞ்சாலும் வந்துருவான்னு நெனச்சோம்."

ஆலையில் யாராவது ஒரு பிழையைச் சரியாக இந்த அளவில் பிடித்துச் சொன்னால் கைகுலுக்குவோம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். சாயங்காலம் முழுக்க இருவரும் அந்த ஒரு பக்கத்தில் உட்கார்ந்தோம். பவளம் செத்துப்போகலாம் என்று அவள் சொன்னாள். அது எனக்கு ஒப்பவில்லை. செத்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், முடிந்துபோன விஷயத்துக்கு யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. பிழைக்கட்டும் என்றால் அவளுக்கு ஒப்பவில்லை. கடைசியில் இப்படி முடிவானது: ஒரு கிளையில் மட்டும் நிறம் திரும்புகிறது. மற்றக் கிளைகள் வெள்ளையாகவே இருக்கின்றன. தூரத்தில் அடுத்த கோடை தெரிகிறது. அவ்வளவுதான்.

பதிப்பாசிரியர் போனில் தயங்கினார். "குழந்தைங்க அழுவாங்க மேடம்."

"எங்க தெருவுல வாசிச்சுப் பாத்தேன். அழல. அடுத்த கோடைக்கு முன்னாடி என்ன செய்யணும்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"அடுத்த சனிக்கிழமை பேசுவோம்னு சொன்னேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வயது வரம்பை மட்டும் ஏற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஒத்துக்கொண்டேன்.

இப்போது நிலைமை இது. புத்தகம் ஓவியரிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு இரண்டு படம் வந்து இரண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறோம், வெள்ளைக் கிளைகள் அழகாக இருந்தன என்பதற்காக. சித்தப்பா சங்கு குளிக்கப் போகும்போது இரண்டு தடவை அந்தப் புள்ளியில் இறங்கிப் பார்த்தார். முதல் தடவை பவளம் வைத்த இடத்தில் நின்றது. ஒரு கிளை முறிந்திருந்தது. இரண்டாவது தடவை தண்ணீர் கலங்கலாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அது பிழைத்திருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. தலைவி ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவின் வலையில் மாட்டும் பவளம் பழையபடி வள்ளத்திலிருந்தே கடலுக்குத் திரும்பிவிடுகிறது.